ஸ்டார் ஹோட்டலில் சைவம்: காளான், பனீர், மறுபடியும் காளான்

வாழைப்பூ ரசிகை (சென்னை)

போன வெள்ளிக்கிழமை எங்கள் பத்தாவது கல்யாண நாள். சென்னையில் ஒரு ஸ்டார் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்துக்குப் போனோம், பெயர் வேண்டாம். சின்னச் சின்னத் தட்டாக ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வகை வரும் டேஸ்டிங் மெனு, ஆளுக்கு 4,500 ரூபாய், சைவத்துக்கும் அசைவத்துக்கும் ஒரே விலை. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து இரண்டு பேருக்கு 10,620 ரூபாய் ஆனது. நான் பிறந்ததிலிருந்து சைவம், முட்டையும் கிடையாது. அவர் எல்லாம் சாப்பிடுவார். நான்கு மாதமாகத் தனியாக எடுத்து வைத்த பணம் அது, அவ்வளவு ஆசையோடுதான் போனேன்.

முதலில் காளான் சூப். அடுத்தது ரவியோலி, அதாவது உள்ளே காளான் பூரணம் வைத்த இத்தாலியப் பாஸ்தா. அவருக்கு மாங்காய்ச் சாற்றில் கொடுவா மீன் வந்தபோது எனக்கு அதே சாற்றில் பனீர். அவருக்கு ஆட்டுக்கறி வந்தபோது எனக்கு ஒரு பெரிய காளானைச் சுட்டு, மேலே ஏதோ ஊற்றி வைத்தார்கள். நடுவில் வந்த ஒரு பீட்ரூட் மட்டும் உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதை மறக்கவில்லை.

ருசி மோசம் என்று சொல்லவே மாட்டேன். என்னை வருத்தியது வேறு. அவருடைய தட்டை வைக்கும்போது பரிமாறிய பையன், மீன் இன்று காலை காசிமேட்டில் வாங்கியது, தோலை மட்டும் முதலில் முறுகவிட்டுப் பிறகு ஆவியில் வைத்தோம், மாங்காய் எந்த ஊர்க்காய் என்று ஒரு நிமிடம் ரசித்துச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, தட்டை வைத்து, "இது வெஜ், மேடம்" என்றார். ஏழு தட்டுக்கும் எனக்கு அந்த ஒரு வரிதான்.

காய்கறி என்றால் எனக்கு உயிர். சந்தையில் நல்ல வாழைப்பூ கண்ணில் பட்டால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. அதனால் கேட்கிறேன், பெரிய உணவகங்களில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது எப்போதும் நடப்பதுதானா? உங்களில் யாருக்காவது சமையல்காரர் காய்கறியை உட்கார்ந்து யோசித்துச் செய்தது போன்ற சாப்பாடு கிடைத்திருக்கிறதா?

சிறுவாணி (கோவை)

அப்படியே என் கதை. எனக்குக் காளானுக்குப் பதில் பூசணி ரிசோட்டோ, இத்தாலிக்காரர்கள் குழைய வைக்கும் அரிசிச் சாப்பாடு. மூன்று ஊரில் மூன்று ஹோட்டல், மூன்றிலும் பூசணி ரிசோட்டோ.

அடுப்படி ஆள் (பெங்களூரு)

பதினான்கு வருடமாக ஹோட்டல் சமையலறையில் இருக்கிறேன், ஆறு வருடம் சென்னையில். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகும்.

புது மெனு போடும்போது பெரும்பாலும் அசைவத் தட்டைத்தான் முதலில் யோசிப்போம். மீனுக்கு ஒரு சாறு, அதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்று, மேலே மொறுமொறுவென்று ஒன்று என்று எல்லாம் முடிவான பிறகு, கடைசி வாரம் யாராவது "வெஜ்ஜுக்கு என்ன?" என்று கேட்பார். அப்போது நேரம் இருக்காது. மீனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பனீர். இப்படித்தான் உங்கள் தட்டு உருவாகிறது, மேடம். யாரும் வேண்டுமென்று அவமதிப்பதில்லை, அந்தத் தட்டைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை, அவ்வளவுதான். பரிமாறுகிறவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போவதும் அதனால்தான். மெனு மாறும்போது சமையல்காரர் சர்வீஸ் ஆட்களைக் கூப்பிட்டு ஒவ்வொரு தட்டையும் ருசி பார்க்க வைத்து விளக்குவார். அந்தக் கூட்டத்தில் சைவத் தட்டுக்குக் கதையே இல்லை என்றால் மேஜையில் அவர் எதைச் சொல்வார்?

காளானுக்கு வருகிறேன். வருடம் முழுவதும் ஒரே அளவில் கிடைக்கும், கழுவி வெட்ட ஒரு நிமிடம், வேக நான்கு நிமிடம், கிட்டத்தட்ட இறைச்சியில் வரும் அதே அடிச்சுவையும் அடர்த்தியும் தரும். வெள்ளிக்கிழமை ராத்திரி எண்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது கைகொடுக்கிற பொருள் அது. வாழைப்பூ அப்படி இல்லை. ஒவ்வொரு பூவாக நரம்பெடுக்க வேண்டும், நறுக்கியதைக் கறுக்காமல் மோரில் போட வேண்டும், கை கறையாகும். நாற்பது தட்டுக்கு வாழைப்பூ என்றால் ஒருவர் மத்தியானம் முழுவதும் அதையேதான் செய்ய வேண்டும். அதே நேரத்தில் நல்ல கைப்பழக்கம் உள்ளவர் ஒரு கூடை மீனைத் துண்டு போட்டுவிடுவார்.

விலை ஏன் ஒன்று என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது. பொருள் வாங்கும் செலவு விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பொதுவான கணக்கு. மீதி எல்லாம் ஆள், இடம், மின்சாரம், கண்ணாடி, துணி. காய் விலை குறைவு என்பதால் சாப்பாட்டு விலை அதே அளவு குறையாது. ஆனால் அந்த விலையை வாங்கினால் அதற்குரிய உழைப்பையும் அந்தத் தட்டில் போட வேண்டும். அதை நாங்கள் செய்வதில்லை என்பது உண்மை, அதில் எனக்கும் பங்கு உண்டு.

ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு முட்டையும் கிடையாது என்கிறீர்கள். ரவியோலி மாவில் முட்டை போட்டிருந்தார்களா என்று கேட்டீர்களா? ஹோட்டலில் கையால் பிசையும் பாஸ்தா மாவில் மஞ்சள் கரு சேர்ப்பதுதான் வழக்கம்.

வாழைப்பூ ரசிகை

கேட்கவில்லை. படித்ததும் வயிற்றைப் பிசைகிறது. நாளை காலை போன் செய்து கேட்கிறேன்.

மீன்குழம்பு (தூத்துக்குடி)

நான் அசைவம். உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2014-ல் மத்திய அரசு எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் கூட இல்லை. வியாபாரம் செய்கிறவர் பெரும்பான்மையை முதலில் யோசிப்பதில் என்ன தவறு?

மிச்செலின் என்ற உணவக வழிகாட்டி நூல் தரும் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரம் பெற்ற, நியூயார்க்கின் லெவன் மேடிசன் பார்க் என்ற உணவகம் 2021 ஜூனில் இறைச்சி, மீன், பால், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழுக்கத் தாவர உணவுக்கு மாறியது. அடுத்த வருடம் மிச்செலின் மூன்று நட்சத்திரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டது, உலகமே பேசியது. கடைசியில் என்ன ஆனது? 2025 அக்டோபரில் மறுபடியும் இறைச்சியைக் கொண்டுவந்துவிட்டார்கள். கம்பெனி விருந்துக்கு முப்பது பேரைத் தாவர உணவகத்துக்கு அழைத்து வருவது கஷ்டமாக இருக்கிறது என்று அதன் சமையல்காரர் டேனியல் ஹம்மே சொன்னார். அவர்களாலேயே தாக்குப்பிடிக்க முடியாததை நம் ஊர் ஹோட்டலிடம் எதிர்பார்க்கலாமா?

சிறுவாணி

யாரும் ஹோட்டலை முழுக்கச் சைவமாக மாற்றச் சொல்லவில்லையே அண்ணா. வாங்கிய காசுக்கு ஏழு தட்டையும் யோசித்துத் தரச் சொல்கிறார்.

வாழைப்பூ ரசிகை

மீன்குழம்பு சார், நீங்கள் சொன்ன அதே காரணம் நம் ஊரில் தலைகீழாக வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் ஒன்றாகச் சாப்பிடப் போவோம், அதில் நானும் இன்னொரு பெண்ணும் மட்டும் சைவம். எங்கே போவது என்பது எங்கள் இருவரை வைத்துத்தான் முடிவாகிறது, ஏனென்றால் மற்ற பத்துப் பேரும் எங்கேயும் சாப்பிடுவார்கள். எங்களுக்குச் சரியில்லாத இடத்துக்கு அந்தப் பத்துப் பேரும் வருவதில்லை.

அப்புறம் அந்த மூன்று பேர் கணக்கில் புரட்டாசி வராது. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வரமாட்டார்கள், வெள்ளிக்கிழமை மட்டும் கறி தொடாத குடும்பங்கள் வரமாட்டார்கள். என் கணவரே அவருடைய அம்மாவுக்காகச் சனிக்கிழமை சைவம். இவர்கள் எல்லாம் நல்ல ருசி பழகிய நாக்கோடு ஒரு நாளுக்குச் சைவமாக வருகிறவர்கள், பனீரை வைத்து இவர்களைத் திருப்திப்படுத்த முடியாது.

மீன்குழம்பு

புரட்டாசியை நான் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே அந்த மாதம் மீன் வராது. சரி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

பாலைவனத் தமிழன் (துபாய்)

நீங்கள் கேட்ட மாதிரி ஒரு இடம் இங்கே இருக்கிறது. அவதாரா என்று பெயர், முழுக்கச் சைவம், இந்தியச் சமையல், டேஸ்டிங் மெனு மட்டும். 2023-ல் மிச்செலின் ஒரு நட்சத்திரம் கொடுத்தது. சமையல்காரர் ராகுல் ராணா பனீரையும் காளானையும் வேண்டுமென்றே ஒதுக்கி வைத்தவர். அந்த இரண்டும் இல்லாமல் இத்தனை தட்டு வைக்க வேண்டும் என்று தனக்குத்தானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டால் காய்கறிப் பக்கம் திரும்பியே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

என் மனைவி குஜராத்தி, சைவம், நான் கறி இல்லாமல் சாப்பிடப் பிடிக்காத ஆள். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், ஒரு தடவை கூடக் கறி நினைவு வரவில்லை. இருவருக்கும் ஒரே தட்டு, ஒரே நேரத்தில். கல்யாணமான ஒன்பது வருடத்தில் வெளியே போய் இருவரும் ஒரே சாப்பாட்டைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான். அவள் திரும்பி வரும்போது காரில் அதைத்தான் சொன்னாள்.

பாரிஸில் ஆர்பேஜ் என்ற உணவகம் பற்றியும் படித்திருப்பீர்கள். அதன் சமையல்காரர் அலேன் பசார் 1996-ல் மூன்று நட்சத்திரம் வாங்கியவர், 2001-ல் சிவப்பு இறைச்சியை மெனுவிலிருந்து எடுத்தார், தனக்கென்று காய்கறித் தோட்டம் போட்டார், நட்சத்திரம் போகவில்லை. 2025-ல் தேன் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் தாவரம் என்று மாறினார். ஆகவே நியூயார்க் கதை ஒன்றை வைத்து எல்லாம் முடிந்தது என்று சொல்ல முடியாது.

பருத்தித்துறை (கொழும்பு)

நானும் சொல்லலாம்தானே? இங்கே எங்களுக்கு இருக்கிற பிரச்சினை வேறு மாதிரி. மரக்கறி, அதாவது சைவம், என்று கேட்டால் வடிவாகத் தருவார்கள். பலாக்காய்க் கறி, தாமரைக்கிழங்கு, பருப்பு, பொன்னாங்காணிச் சுண்டல் எல்லாம் வரும், சரியான ருசி. ஆனால் சம்பலுக்குள்ளே (உங்கள் துவையல் மாதிரி) மாசி கிடக்கும். மாசி என்றால் காய்ந்த சூரை மீன், இடித்துப் போடுவது. பொல் சம்பல், சீனிச் சம்பல் இரண்டிலும் போடுகிற பழக்கம் உண்டு. சமைக்கிறவர் அதை மீன் என்றே கணக்கில் எடுப்பதில்லை, பெருங்காயம் மாதிரி ஒரு வாசச் சாமான் என்று நினைக்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெரிய ஹோட்டலில் அம்மாவோடு இருந்தேன். "இது மரக்கறிதானே?" என்று கேட்டேன், "ஓம்" என்றார் வெயிட்டர். அம்மா இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு மணத்தில் கண்டுபிடித்துவிட்டார். அறுபத்தெட்டு வயது, வாழ்நாளில் முதல் தடவை. ஒன்றும் சொல்லவில்லை, கையைக் கழுவிவிட்டு வந்து பேசாமல் இருந்தார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இப்போது "மரக்கறியா" என்று கேட்பதை விட்டுவிட்டேன், "மாசி போட்டிருக்கா, கருவாடு போட்டிருக்கா, முட்டை போட்டிருக்கா" என்று பெயர் சொல்லித்தான் கேட்பது.

அடுப்படி ஆள்

பருத்தித்துறை சொன்னதை எல்லோரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் வெயிட்டர் தானாகப் பதில் சொல்ல மாட்டார், உள்ளே வந்து எங்களைக் கேட்பார். ஆர்டர் சீட்டில் எழுதியும் தருவார். எழுத்தில் வந்துவிட்டால் அதை யாரும் தாண்டிப் போக மாட்டோம்.

தாய்லாந்துச் சாப்பாடு என்றால் மீன் சாஸ், சிப்பி சாஸ், குழம்பு விழுதில் இறால். ஜப்பான் என்றால் தாஷி, அந்தத் தெளிந்த சாற்றிலேயே பெரும்பாலும் காய்ந்த சூரைச் சீவல் இருக்கும், வெறும் கத்தரிக்காய் தட்டிலும் ஊற்றுவார்கள். கொரியாவின் கிம்ச்சி ஊறுகாயில் இறால் ஊறல். இத்தாலி என்றால் பார்மெசான் சீஸ். உண்மையான பார்மிஜானோ ரெஜியானோவை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி, அவர்கள் சட்டமே அதைத்தான் கேட்கிறது. இந்தியாவில் செய்யும் சீஸ்களில் பெரும்பாலும் நுண்ணுயிர் நொதிதான், அதனால் சீஸ் எந்த ஊருடையது என்று கேளுங்கள். வூஸ்டர்ஷயர் சாஸிலும் சீசர் சாலட்டிலும் நெத்திலி மாதிரி மீன். இனிப்பில் பன்னாகோட்டா, மூஸ், மார்ஷ்மெல்லோ மூன்றிலும் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினா, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரா என்று கேளுங்கள். நம் ஊர்ப் பெரிய ஹோட்டல்கள் பல இப்போது அகர் அகர் போடுகின்றன, அதாவது வீட்டில் சைனா கிராஸ் என்று சொல்கிறோமே அது.

வெட்டும் பலகை பற்றிப் பயப்பட வேண்டாம். காய்க்குப் பச்சை, சமைக்காத இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம் என்று நிறம் பிரித்துத்தான் வைப்போம். கவலைப்பட வேண்டியது எண்ணெய்ச் சட்டியைப் பற்றி. பொரிக்கும் எண்ணெய் தனியா என்று தயங்காமல் கேளுங்கள்.

மயிலாப்பூர் மாமி (சென்னை)

எனக்கு அறுபத்தொன்று. இதில் இன்னொரு வகை இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் விசேஷ நாளில் வெங்காயம் பூண்டு கூடாது. பெரிய ஹோட்டலில் அதைச் சொல்ல நான் ரொம்ப நாள் கூச்சப்பட்டேன். சொன்னால் அந்தப் பிள்ளைகள் முகத்தில் ஒரு மாறுதல் வருமே, அதை நினைத்தே பயந்தேன். என் மருமகள்தான் பழக்கினாள், "அம்மா, மேஜை பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம், வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால்தான் அவர்களுக்குச் சிரமம்" என்று. அப்படிச் சொல்ல ஆரம்பித்த பிறகு ஒரு இடத்திலும் முகம் சுளிக்கவில்லை.

அடையாறு கேட் ஹோட்டலில் தக்ஷிண் என்ற உணவகம் இருந்ததே, 1989-லிருந்து, அங்கே நாங்கள் போகாத வருடம் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் குட்டியாக ஒரு வாழைப்பழ தோசை வரும், பக்கத்தில் வரிசையாகத் துவையல். நான்கு மாநிலத்துச் சமையலும் இருக்கும். சைவத்தை ஓரமாக வைக்கிற எண்ணமே அந்த இடத்தில் கிடையாது, அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததில் பாதி சைவம்தான். 2023 டிசம்பரில் ஹோட்டலையே மூடிவிட்டார்கள். கடைசி வாரம் போய்ச் சாப்பிட்டு வந்தோம், மாமா வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

கிராண்ட் சோழா ஹோட்டலில் ராயல் வேகா என்ற உணவகம் முழுக்கச் சைவம், பருவத்துக்குத் தகுந்தாற்போல் மெனு மாற்றுவார்கள். அதே ஹோட்டலில் ஆவர்த்தனா இருக்கிறது, அங்கே தக்காளி ரசத்தைத் தெளிய வடித்து, காபி வடிக்கிற கண்ணாடிப் பாத்திரத்தில் கொத்தமல்லியோடு ஊறவிட்டு ஊற்றுவார்கள். நிறமே இல்லாத ரசம், வாயில் வைத்தால் நம் வீட்டு ரசம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுப்படி ஆள்

மாமி சரியான இடத்தைத் தொட்டீர்கள். ஆவர்த்தனாவில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனியாக 7 முதல் 13 வகை வரை மெனு இருக்கிறது. 2023-ல் ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் சென்னையிலிருந்து அந்தப் பெயர் வந்தபோது எங்கள் சமையலறையில் எல்லோரும் கைதட்டினோம், நாங்கள் வேறு நிறுவனம் என்றாலும்.

ரசத்தைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம் உண்டு. மேற்கத்திய சமையலுக்கு அடிப்படை எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்த சாறு. அதைத்தான் ஹோட்டல் சமையல் படிப்பில் முதல் வருடம் கற்றுக்கொடுப்பார்கள், நானும் அதைத்தான் படித்தேன். அதை எடுத்துவிட்டால் சைவத் தட்டு மொட்டையாகத் தெரிகிறது, உடனே காளானைத் தேடி ஓடுகிறோம். ஜப்பானில் புத்த மடங்களில் கொம்பு என்ற கடற்பாசியையும் காய்ந்த ஷிடாகே காளானையும் ஊற வைத்தே அந்த அடிச்சுவையைக் கொண்டுவந்துவிட்டார்கள். நமக்கு அந்த இடத்தில் பருப்புத் தண்ணீர் இருக்கிறது. துவரம்பருப்பு வெந்த தண்ணீர், தக்காளி, புளி, பெருங்காயம், அதற்கு மேல் சுண்டைக்காய் வற்றலோ மணத்தக்காளி வற்றலோ நெய்யில் பொரித்துப் போட்டால் எலும்புச் சாறு எதற்கு? இதை எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லவில்லை, என் பாட்டி ரசம் வைப்பதை நினைத்துப் பார்த்தபோது நாற்பது வயதில் புரிந்தது.

மீன்குழம்பு

இதைப் படித்த பிறகு நேற்று ராத்திரி வீட்டில் பருப்புத் தண்ணீரைத் தனியாகக் குடித்துப் பார்த்தேன், உப்பும் ஒரு சொட்டு நெய்யும் மட்டும் போட்டு. இத்தனை வருடம் சாதத்தில் பிசைந்தே சாப்பிட்டதால் தெரியவில்லை. நீங்கள் சொல்வது உண்மை.

வாழைப்பூ ரசிகை

ஹோட்டலுக்குப் போன் செய்தேன். எடுத்தவருக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு மணி நேரத்தில் தலைமைச் சமையல்காரரே கூப்பிட்டார். சைவ ரவியோலிக்குத் தனி மாவு, ரவையும் மைதாவும் வெந்நீரும் மட்டும், முட்டை இல்லை என்று உறுதியாகச் சொன்னார். எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை.

போனை வைக்கும் முன் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். "உங்கள் மீனுக்கு ஒரு ஊர் இருந்தது சார், என் காளானுக்கு இல்லை" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மேடம், உங்களுக்குப் பிடித்த காய் என்ன?" என்று கேட்டார். பத்து நிமிடம் பேசினோம், வாழைப்பூ, சேனை, பிரண்டை, பலாக்கொட்டை, மாங்காய் இஞ்சி என்று. அடுத்த மாதம் அப்பாவின் எழுபத்தைந்தாவது பிறந்த நாள், அதற்கு வரச் சொன்னார். அப்பா கும்பகோணத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர், ஹோட்டல் சாப்பாடு என்றாலே வேண்டாம் என்பார். கூட்டிப் போகலாமா? வேறு என்ன சொல்லி வைக்க வேண்டும்?

அடுப்படி ஆள்

கட்டாயம் போங்கள். ஒரு சமையல்காரர் வாடிக்கையாளரிடம் காய்ப்பெயர் கேட்டார் என்றால் அவரையும் அது தூண்டிவிட்டிருக்கிறது. ஒரு வாரத்துக்கு முன்னால் மறுபடி கூப்பிடுங்கள், மதியம் மூன்றிலிருந்து ஐந்துக்குள். அந்த நேரத்தில்தான் மதியச் சாப்பாடு முடிந்து ராத்திரி ஆரம்பித்திருக்காது, பேச முடியும். வெள்ளி, சனி வேண்டாம், செவ்வாய் அல்லது புதன் போங்கள். கூட்டம் குறைவு, அவர் கையாலேயே தட்டு வரும். அப்பாவுக்குக் காரம் எவ்வளவு, பல் எப்படி, எத்தனை மணிக்குள் சாப்பிட்டு முடிப்பார் என்பதெல்லாம் சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்கு ஏழு வகையை இரண்டரை மணி நேரம் இழுத்தால் முதுகு வலிக்கும்.

மயிலாப்பூர் மாமி

அப்பாவுக்குக் கடைசியில் மோர் சாதம் இருக்கட்டும் என்று சொல்லிவிடு அம்மா. எத்தனை வகை கொடுத்தாலும் அது இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரி இருக்காது.

பாலைவனத் தமிழன்

போய்விட்டு வந்து எழுதுங்கள். சர்வீஸ் சார்ஜ் போட்டால், பிடித்தால் மட்டும் கொடுங்கள், அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வாழைப்பூ ரசிகை (ஐந்து வாரம் கழித்து)

போய் வந்தோம், செவ்வாய்க்கிழமை. அப்பா, நான், அவர், தம்பி. நான்கு பேருக்கும் சைவ மெனுதான், என் கணவரே அப்படிக் கேட்டார்.

முதலில் சின்னக் கிண்ணத்தில் பருப்புத் தண்ணீர், பிரண்டையை நெய்யில் வதக்கி அரைத்து நடுவில் ஒரு துளி. அடுப்படி ஆள், உங்களை நினைத்துக்கொண்டேன். அடுத்து வாழைப்பூ, நரம்பெடுத்த ஒவ்வொரு பூவையும் தனித்தனியாக அரிசி மாவில் தோய்த்து மெல்லிசாகப் பொரித்து, கீழே தேங்காய்ப் பாலில் புளிக்காத மாங்காய். கொத்தவரங்காயில் ஒன்று செய்திருந்தார், அது சரியாக வரவில்லை, கசப்பு மேலே நின்றது. அதைச் சொன்னபோது சமையல்காரர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

அப்புறம் சேனை. வாழையிலையில் சுற்றி நான்கு மணி நேரம் மெதுவாக வேகவிட்டு, ஓரத்தை மட்டும் இரும்புக் கல்லில் முறுகவிட்டு, மாங்காய் இஞ்சிச் சாறும் பலாக்கொட்டை மசியலும். கரண்டி வைத்தால் வெண்ணெய் மாதிரி இறங்கியது. நாக்கு துளியும் அரிக்கவில்லை. தட்டை வைத்த பையன் அதே பையன்தான். சேனை எந்த ஊரில் வாங்கியது, எத்தனை மாதம் மண்ணில் இருந்தது, அரிப்பு போகப் புளித்தண்ணீரில் எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்று ஒரு நிமிடம் முழுக்கச் சொன்னார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மண் குவளையில் மோர் சாதம், பக்கத்தில் வறுத்த மோர் மிளகாய். இனிப்பு இளநீரில், அகர் அகர்தான், கேட்டேன்.

அப்பா முதல் மூன்று தட்டு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சேனையைச் சாப்பிட்டுவிட்டுப் பையனைக் கூப்பிட்டு, "உள்ளே யார் இதைச் செய்தது, வரச் சொல்ல முடியுமா?" என்றார். சமையல்காரர் வந்ததும் எழுந்து நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அம்மா இருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பாள் என்றார். என் அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. சேனை வாங்கினால் புளித்தண்ணீரா அரிசி கழுவிய தண்ணீரா என்று இரண்டு பேருக்கும் எப்போதும் பேச்சு வரும். அம்மா அரிசி கழுவிய தண்ணீர்தான்.

மயிலாப்பூர் மாமி

அரிசி கழுவிய தண்ணீர்தான் சரி. உன் அம்மா சொன்னதே சரி.

மீன்குழம்பு

எந்த ஹோட்டல் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமைக்கு நாங்கள் ஆறு பேர் சென்னை வருகிறோம்.

அடுப்படி ஆள்

சனிக்கிழமை வேண்டாம் சார், புதன் போங்கள். போன் மூன்று மணிக்கு மேல்.